எடுத்துட்டேன்னு சொல்லு

சோறு வேகும்போது அடுப்பை விட்டுப் போகவேண்டி வந்தால் மற்றவர்கள் "கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சார்ஜன்ட் அப்படிப் போகமாட்டார். யாராவது ஒருவரைக் கூப்பிட்டு அடுப்புக்கு முன்னால் நிறுத்துவார்.

"அரிசி போட்டாச்சு. இன்னும் ஒரு கொதி வரணும். மூடியத் திறக்காத. பொறுப்ப எடுத்துட்டியா?"

தலையை ஆட்டினால் போதாது.

"வாயத் திறந்து சொல்லு தம்பி. எடுத்துட்டேன்னு சொல்லு."

சொன்ன பிறகுதான் அவருடைய கால் நகரும். சொல்லாவிட்டால் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு அங்கேயே நிற்பார். ஆக்லாந்தில், ஒடாஹுஹு என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டில் இது தினமும் நடக்கும் கூத்து. எங்களோடு இருந்த மதுரைக்காரர் ஒரு டெய்ரியில் பாலும் ரொட்டியும் விற்கும் வேலை பார்த்தார். அவர் சல்யூட் அடித்து, "எடுத்துட்டேன் சார்! அடுப்பை எடுத்துட்டேன், சோத்தை எடுத்துட்டேன், நியூசிலாந்தையும் சேர்த்து எடுத்துட்டேன்!" என்று கத்துவார். சார்ஜன்ட் சிரிக்கமாட்டார். "நியூசிலாந்து வேணாம்லா. அடுப்ப மட்டும் எடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

எல்லோரும் அவரை 'சார்ஜன்ட்' என்றுதான் கூப்பிட்டோம். அவர் ஒருநாளும் சார்ஜன்டாக இருந்ததில்லை. மலேயாவில் காட்டுக்குள் சண்டை நடந்த காலத்தில் பத்தொன்பது வயதில் துப்பாக்கி கொடுத்து ஒரு வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அந்தச் சண்டைக்கு நியூசிலாந்தில் இருந்து போன ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் அவரோடு பழகி, பிறகு பாபகூராவில் குடியிருந்தார். அவர் சொல்லித்தான் இவருக்கு மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு குளிர்க்கிடங்கின் வாசலில் காவல் வேலை கிடைத்தது. இவர் அதை 'ஜாகா வேலை' என்பார். வாழ்க்கையில் இரண்டு வாசல்கள். நடுவில் இருந்த வருஷங்களைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

நான் அந்தக் கிடங்கிலேயே சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினேன். அதற்கு முன் கப்பல், அதற்கு முன் துறைமுகம், நடுவில் இறைச்சித் தொழிற்சாலை. அது மூடப்பட்டபோது இந்தக் கிடங்குக்கு வந்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

நான் முழுதாகப் படித்த முதல் புத்தகங்கள் அவருடையவைதான். அவரிடம் சில ருஷ்யக் கதைப் புத்தகங்கள் இருந்தன. தமிழில் பெயர்த்தவை, கெட்டி அட்டை போட்டவை. ஈப்போவில் ஏதோ ஒரு கடையில் மலிவாக வாங்கியதாம். அவற்றில் இருந்த கதைகளில் அவருக்குப் பட்டாளம் வரும் இடம் மட்டும்தான் வேண்டும். காதல், தோட்டம், விருந்து, கடவுள் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அந்த நீளமான பெயர்களையும் வாசிக்கமாட்டார். கேப்டன், சிப்பாய், கைதி என்று தானே பெயர் வைத்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குசினி மேசையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். பனி கொட்டும். கேப்டனுடைய சட்டைப்பையில் ஒரு கட்டளை இருக்கும். முன்னால் ஒரு மனிதன் நிற்பான், கெஞ்சாமல், சும்மா பார்த்துக்கொண்டு. கேப்டனின் கை பைக்குள் போகும். அந்த இடத்தில் அவர் நிறுத்தி, பக்கத்துக்குள் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்துப் புத்தகத்தை மூடிவிடுவார்.

"நீயா இருந்தா?"

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் திறப்பார் என்று நீங்கள் நினைத்தால் தவறு. வேறு கதை, வேறு கேப்டன், அதே மாதிரி ஒரு இடம், இன்னொரு டிக்கெட். புத்தகம் முழுக்க டிக்கெட்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

"முடிவு என்னண்ணே?" என்று மதுரைக்காரர் கேட்பார்.

"முடிவு எழுதினவனுக்கு. நமக்கு இது போதும்."

எனக்குப் போதவில்லை. அவர் தூங்கப் போன பிறகு நான் மிச்சத்தைப் படித்துவிடுவேன். ஒரு கதைக்கு ஒரு வாரம் பிடிக்கும். சில கேப்டன்கள் இரக்கப்பட்டுக் கட்டளையை மீறிவிட்டுக் கெட்டார்கள். சில கேப்டன்கள் கட்டளையை நிறைவேற்றிவிட்டு, மனம் அழுகிக் கெட்டார்கள். எந்த வழியில் போனாலும் கெட்டது கேப்டன்தான். கட்டளையை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் மூன்றாம் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டுப் போனான், பிறகு கதைக்குள் வரவே இல்லை. எனக்கு அது பிடிபடவில்லை. புத்தகத்தைச் சுவரில் எறியலாம் போல வந்தது.

நான் அவரிடம் சண்டை போட்டேன். "மீறினவன்தான் மனிசன், அண்ணை. மற்றவன் மரக்கட்டை."

"நீ சொல்லுவ. கேப்டன் விட்டுட்டுப் போய்ட்டான். சரி. அப்பறம் அந்த எடத்துல யாரு நிக்கிறா? காவல்னா அது ஒரு சாமான் மாதிரி தம்பி. கையில இருந்தா இருக்கு. கீழ போட முடியாது. இன்னொரு கையில குடுக்கணும்."

"மனிசன் சாகேக்கை சாமானோ பெரிசு?"

"அந்தக் கேப்டன் செஞ்சது சரின்னா," என்று சொல்லி நிறுத்தினார். பிறகு பாத்திரம் கழுவ எழுந்து போனார்.

அவர் சொல்லாமல் விட்ட மிச்சத்தை நான் வேறொரு நாள் கேட்டேன். வடித்த கஞ்சியை நான் கழுவு தொட்டியில் ஊற்றப் போனபோது அவர் பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். சாதாரணப் பிடி இல்லை. கை சிவந்துவிட்டது.

"கொட்டாத."

"கஞ்சிதானே அண்ணை?"

"தெரியும். கொட்டாத."

அவரே அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, உப்புப் போட்டு, நின்றபடியே குடித்தார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். அவர் நின்ற முதல் வாசல் பேராக் பக்கம், முள்கம்பி போட்ட ஒரு குடியிருப்பின் வாசல். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்பதற்காகச் சனங்களையெல்லாம் கம்பிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெளியே ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்கள் ஒரு வாய்ச் சோறுகூடக் கொண்டுபோகக்கூடாது. இருட்டோடு போய், வெயில் ஏறி, பால் எடுத்துத் திரும்பும்வரை வெறும் வயிறு. வாசலில் பிடிபடுகிற எதையும் தரையில் கொட்டவேண்டும். கட்டளை அது.

"நம்ம தமிழ்ப் பொம்பள ஒண்ணு. தூக்குச் சட்டியில கஞ்சி கொண்டுவரும். ஒளிச்சு வைக்காது. நேரா எங்கிட்ட வந்து நீட்டும். நான் வாங்கிக் கொட்டுவேன். சட்டியத் திருப்பிக் குடுப்பேன். 'வரேன் தம்பி'ன்னு சொல்லிட்டுப் போகும். மறுநாளும் கொண்டுவரும்."

"கொட்டுவியள் எண்டு தெரிஞ்சுமோ?"

"தெரிஞ்சும்தான்."

"பிறகேன் கொண்டுவந்தவ?"

அவர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ஒரு நாள் விடுவேன்னு நினைச்சிருக்கும்."

எனக்கு அவர்மேல் கோபம். அந்தப் பெண் தினமும் அவருக்கு ஒரு சந்தர்ப்பத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இந்த மனிதர் தினமும் அதைத் தரையில் ஊற்றியிருக்கிறார்.

"என்கிட்டேருந்து அந்த வாசல எடுத்துக்க ஒரு ஆள் அந்த நேரத்துக்கு வந்திருந்தா போதும்," என்றார். "ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம். யாரும் வரல."

இங்கே மூன்றாவது ஆளைச் சொல்லவேண்டும். எங்கள் கிடங்கின் சூப்பர்வைசர். என்னைப்போல யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் பொறியியல் படித்தவர், எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். எனக்கு வேலை எடுத்துத் தந்தவர் அவர்தான். தமிழ் நன்றாகப் பேசுவார். நம்மவர்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூட்டம் வைத்தால் அவர் பேச்சு இல்லாமல் இருக்காது.

ஒரு கூட்டத்தில் அவர் பேசியது ருஷ்யக் கதைகளில் படைக் கடமையும் மனித இரக்கமும் மோதுவதைப் பற்றி. சார்ஜன்டின் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்துத்தான் தயாரித்தார். மண்டபம் அசையாமல் கேட்டது. கட்டளை என்பது மேலிருந்து வரும் குரல், இரக்கம் என்பது உள்ளிருந்து வரும் குரல் என்றார். இரண்டாவது குரலுக்குக் காது கொடுத்த ஒரே ஒரு சிப்பாய் போதும், ஒரு நாட்டின் மானம் மிஞ்சும் என்றார். பிறகு குரல் உடைந்து, "எங்கட வீடுகளுக்குள்ள வந்த ஆமிப் பெடியங்களிலை ஒருத்தன், ஒரே ஒருத்தன், துவக்கைக் கீழை வைச்சிருந்தா!" என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். அவருடைய தாய் தகப்பன் அப்போது யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள். அவர்களை எடுப்பிக்க விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் சார்ஜன்ட் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"அந்தப் பையன் துப்பாக்கியக் கீழ வச்சிட்டுப் போனப்பறம், அந்த எடத்த யாருகிட்டக் குடுத்துட்டுப் போனான்?"

மண்டபம் சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்தார். "அண்ணை, இது இலக்கியம். டியூட்டி ரோஸ்டர் இல்லை." வடையும் தேநீரும் வந்தன. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சார்ஜன்டிடம், "உங்களாலை வெக்கமாப் போச்சு" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு சார்ஜன்ட் போகும் நேரத்தில் வாசலை சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார். எங்கும் எழுதி வைத்ததில்லை. அப்படியே நடந்து வந்தது. அவர் வந்ததும் சார்ஜன்ட் நேராக நின்று, சாவிக்கொத்தை நீட்டி, அன்றைக்கு என்ன கட்டளை என்று சொல்லி, "எடுத்துட்டேன்னு சொல்லுங்க சார்" என்பார். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஓம் ஓம், எடுத்திட்டன், போய்ச் சாப்பிடுங்கோ" என்பார். அதற்குப் பிறகு சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். தொப்பி ஆணிக்குப் போனதும் அவருடைய முதுகு கொஞ்சம் வளையும். அந்த அரைமணி நேரம்தான் அவர் எங்களோடு சிரித்துப் பேசுவார்.

அந்த வருஷங்களில் ஆக்லாந்து முழுக்க வேலைகள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் கிடங்கில் ஒரு காலையில் பொதிகட்டும் பகுதியில் இருந்த பெண்கள் எல்லோரையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். அநேகம் பேர் சமோவா, தொங்கா நாட்டுப் பெண்கள். மேலாளர் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆளை விட்டுச் சொன்னார். பெண்கள் கன்டீனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மேலாளர் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை எழும்பமாட்டோம் என்றார்கள். கேட்டது அவ்வளவுதான்.

மேலாளர் வாசலுக்குக் கட்டளை அனுப்பினார். வெளியே போகிறவர்கள் போகலாம். உள்ளே ஆளும் வரக்கூடாது, ஒரு பொருளும் வரக்கூடாது. கன்டீனின் சாப்பாட்டு அலமாரியையும் பூட்டிவிட்டார்கள். பசித்தால் தானாக வெளியே வருவார்கள் என்பது கணக்கு.

பதினொரு மணிபோல லோசாவின் மகள் வாசலுக்கு வந்தாள். லோசா அந்தப் பெண்களில் மூத்தவள். சர்க்கரை வருத்தக்காரி. மகள் எங்கோ சலவைக் கூடத்தில் வேலை செய்கிறவள், ஏப்ரனோடு ஓடி வந்திருந்தாள். கையில் துணி சுற்றிய பாத்திரம். தாய் காலையில் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிட்டாள், இனியும் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுவாள், இதை மட்டும் உள்ளே கொடுக்கவேண்டும் என்று கேட்டாள்.

"முடியாது சிஸ்டர். ஆர்டர்," என்றார் சார்ஜன்ட்.

அவள் கெஞ்சினாள். பிறகு திட்டினாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் முற்றத்தில் பலகைத் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போனேன்.

"அண்ணை, விடுங்கோ! கிழவி சாகப்போகுது!"

"வெளிய வந்து சாப்பிடலாமே. வெளிய வரத் தடை இல்ல."

"வெளியிலை வந்தா திரும்ப உள்ளுக்கு விடமாட்டியள். அது தெரிஞ்சுதானே அந்த மனிசி வராமல் இருக்கு!"

"ஆமா."

"உங்களுக்கு மனசு எண்டு ஒண்டு இருக்கோ?"

"இருக்கு," என்றார். "டியூட்டியில இருக்கு. நீ போய் வேலையப் பாரு."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. பொய் இல்லை. அந்தக் கஞ்சிக் கதையை எனக்குச் சொன்ன வாயால் இதையும் சொல்கிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. நான் அவரை மலேயாப் போலீஸ்காரன், வெள்ளைக்காரன் நாய், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அலுவலகச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் அதையே பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு சூப்பர்வைசர் வழக்கம்போல வந்தார். அன்றைக்கு அவருக்கு ஆயிரம் தலையிடி. லோசாவின் மகளைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சார்ஜன்ட் நேராக நின்றார்.

"சாவி இருக்கு. ஆர்டர் கேட்டுக்குங்க. ஆள் வெளிய போகலாம். ஆளும் சாமானும் உள்ள வரக்கூடாது. எடுத்துட்டேன்னு சொல்லுங்க சார்."

"ஓம் ஓம், எடுத்திட்டன். போங்கோ."

"கேக்கல சார்."

"எடுத்திட்டன் அண்ணை! போய்ச் சாப்பிடுங்கோவன்!"

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சின்னக் கதவால் வெளியே போனார். லோசாவின் மகளிடம் இரண்டு கையையும் நீட்டினார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பாத்திரத்தைக் கொடுத்தாள். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்து சூப்பர்வைசருக்கு முன்னால் நின்றார்.

"உள்ள போகணும்."

"அண்ணை, என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. நான் இப்ப காவல் இல்ல. சோத்து நேரத்துல இருக்கிற ஒரு ஆளு. காவல் உங்ககிட்ட இருக்கு, ஆர்டரும் உங்ககிட்ட இருக்கு. நிறுத்தணும்னா நிறுத்துங்க." பாத்திரத்தை நீட்டினார். "கொட்டணும்னா கொட்டுங்க."

துணியை விலக்கினால் தேங்காய்ப்பாலில் வெந்த கிழங்கின் ஆவி. வாசலில் நின்ற எல்லோருக்கும் மணம் வந்தது. சூப்பர்வைசர் மேல்மாடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு பாத்திரத்தைப் பார்த்தார். அவருடைய கை பாதி எழும்பி நின்றது. நான் அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். கேப்டனின் கை பைக்குள் போகிற பக்கம்.

அவர் கையை இறக்கிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். "நான் ஒண்டும் காணேல்லை," என்றார் மெதுவாக.

சார்ஜன்ட் உள்ளே போனார். அந்த மனிதரின் நடையை நான் முன்பு அப்படிப் பார்த்ததில்லை. ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. லோசா சாப்பிட்டாள். எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டாளாம். அரைமணி முடிந்ததும் சார்ஜன்ட் திரும்பி வந்து, "எடுத்துட்டேன் சார்" என்று தானே சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த பாத்திரங்களை ஒன்றுகூட உள்ளே விடவில்லை. என்ன மனிதர் இவர் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மேலாளர் இறங்கி வந்து பெண்களுக்கு முன்னால் சில நிமிஷம் பேசினார். வேலை போனது போனதுதான். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வைத்துவிட்டார்கள்.

மறுநாள் விசாரணை. சாப்பாடு உள்ளே போனது எப்படி? சார்ஜன்ட் சொன்னார், அந்த நேரம் காவல் தன்னிடம் இல்லை, கைமாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று. மேலாளர் சூப்பர்வைசரைப் பார்த்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு போய் நின்றேன்.

சூப்பர்வைசர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். மண்டபத்தில் சிரித்த அதே சிரிப்பு.

"அவர் அப்படித்தான்," என்றார் இங்கிலீஷில். "சோற்றுப் பானையைக்கூட அப்படித்தான் கைமாற்றுவார். எல்லோரும் பகிடிக்கு ஆம் என்போம். நான் அன்றைக்கு வாசலை எடுக்கவில்லை. அந்தப் பக்கமாகப் போனேன், அவ்வளவுதான்."

"நான் கேட்டனான்," என்றேன். "இரண்டு தரம் எடுத்திட்டன் எண்டு சொன்னவர். என்ரை காதாலை கேட்டனான்." பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதையே சொன்னேன்.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் மன்னிக்கவேண்டும் என்றார். காவலை விட்டுப் போனதற்காக, சார்ஜன்டை, அந்த மனிதரை, காவலை விட்டுப் போனார் என்று நிறுத்தினார்கள்! வெள்ளிக்கிழமையோடு கணக்கு முடிந்தது. என்னையும் அடுத்த வாரம் போகச் சொன்னார்கள். அது பெரிய விஷயம் இல்லை. எனக்கு எத்தனையோ வேலைகள் போயிருக்கின்றன.

சூப்பர்வைசருக்கு நியாயம் இருந்ததென்று மதுரைக்காரர் சொன்னார். வீட்டு மார்ட்கேஜ், தாய் தகப்பனின் விசா, அதற்குக் கம்பெனி கொடுக்கவேண்டிய கடிதம். எனக்கும் தெரியும். தாயைக் குண்டுக்குள் விட்டுவிட்டு யாரால் வேலையை விடமுடியும்? ஆனால் ஒன்று கேட்கிறேன். துப்பாக்கி பிடித்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சிப்பாய்ப் பெடியன், பின்னால் அதிகாரி நிற்கும்போது, உயிரைக் கொடுத்து இரக்கம் காட்டவேண்டும் என்று மேடையில் கேட்டீர்களே. உங்களிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. இரக்கத்தைக்கூடக் கேட்கவில்லை, அதை நீங்கள் வாசலில் காட்டித்தான் விட்டீர்கள். 'ஓம், நான்தான் நின்றேன்' என்று ஒரு சொல். அதற்குத்தான் உங்களுக்கு விலை கட்டுப்படியாகவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெண்கள் தங்கள் லாக்கர்களைக் காலி செய்ய வந்திருந்தார்கள். வேலை முடிந்து போகிறவர்களும் வாசலில் கூடி நின்றார்கள். புதுக் காவல்காரன் மறுநாள்தான் வருவான். மேலாளர் ஜன்னலைத் திறந்து, "பூட்டிவிட்டுச் சாவியை உள்ளே போட்டுவிட்டுப் போகலாம்" என்றார்.

"எடுக்க ஆள் வரணும்," என்றார் சார்ஜன்ட்.

நேரம் போனது. அவர் நின்றார். பஸ் ஒன்று வந்து போனது. கடைசியில் மேலாளர் எரிச்சலோடு சூப்பர்வைசரை அனுப்பினார். அவர் படியிறங்கி வந்து கையை நீட்டினார்.

"சாவியைத் தாங்கோ அண்ணை."

"எடுத்துட்டேன்னு சொல்லுங்க சார்."

"சனம் பாக்குது. தந்திட்டுப் போங்கோ."

"பாக்கட்டும். நானும் பாக்கத்தான் போறேன்."

சூப்பர்வைசரின் கழுத்து சிவந்தது. சுற்றிப் பார்த்தார். லோசா தன் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்று அந்த முற்றத்தில் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

"எடுத்திட்டன்," என்றார் வாய்க்குள்.

"கேக்கல சார்."

"எடுத்திட்டன் அண்ணை!"

அவருடைய குரல் மதிலில் பட்டுத் திரும்பியது. சார்ஜன்ட் சாவிக்கொத்தை அந்தக் கையில் வைத்தார்.

"அன்னைக்கும் இதே சத்தத்துலதான் சொன்னீங்க," என்றார்.

தொப்பியை ஆணியில் மாட்டினார். சின்னக் கதவால் வெளியே வந்தார். லோசா எழுந்து நின்றாள். மற்றப் பெண்களும் எழுந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

சூப்பர்வைசர் அதற்குப் பிறகும் கூட்டங்களில் பேசினார். நான் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் சார்ஜன்ட் புத்தகத்தைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார். பஸ் டிக்கெட் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பக்கத்தைத் திறந்தார். டிக்கெட்டை எடுத்து, கசக்கி, அடுப்பங்கரைக் குப்பையில் போட்டார். கேப்டனின் கை பைக்குள் போயிருந்த இடத்திலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் முடிவுவரை வாசித்தார். கேப்டன் கட்டளையை மீறினான். கைதி பிழைத்தான். கேப்டனின் தோள்பட்டியைப் பிடுங்கி எங்கேயோ பனிக்குள் அனுப்பிவிட்டார்கள்.

மதுரைக்காரர் அன்றைக்குப் பகிடி பண்ணவில்லை. "சரிண்ணே, அந்த ஆர்டர் போட்டவன் என்ன ஆனான்?" என்று கேட்டார்.

சார்ஜன்ட் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். முன்னால் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை தேடினார்.

"அவனப் பத்தி ஒண்ணும் இல்லப்பா."

"எழுதியிருக்கவேணும் அண்ணை," என்றேன். "இவ்வளவு தடிச்ச புத்தகம். இடமோ இல்லை?"